அம்மாவின் கைக்குப் பொருந்தும் பிரஷர் பட்டை கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: எங்கள் வட்டார அரசாங்கக் கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் முறை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதங்களையும் மலாயில் எழுதினேன். மார்ச்சில் போட்டதற்கு ஒரு புகார் நம்பர் வந்தது, ஜூனில் போட்டதற்கு அதுவும் இல்லை. தாங்கள் பினாங்குத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று கேள்விப்பட்டதால் இதைத் தமிழில் எழுதுகிறேன், மலாய்ப் பிரதியும் கூடவே இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிளினிக்கும், பஸ் ஸ்டாப்பிலிருந்து அதற்கு ஏறும் மேடும் தங்களுக்குத் தெரிந்தவைதான்.

1. அந்த மேட்டில் ஏறி மூச்சு வாங்க வரும் பெரியவர்களை, நம்பர் கூப்பிட்ட கையோடு உட்காரவைத்துப் பிரஷர் பார்க்கிறார்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது என்று அங்கே சுவரில் போஸ்டரே ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே போட்டிருப்பது முதுகில்லாத ஸ்டூல்.

2. பிரஷர் பார்க்க மேல்கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை. இந்த மனுவே இதற்காகத்தான். அம்மாவுக்கு 67 வயது, கனத்த உடம்பு, மேல்கைச் சுற்றளவு 46 சென்டிமீட்டர். கிளினிக்கில் இருப்பது ஒரே பட்டை, அதன் ஓரத்திலேயே 34 வரை என்று அச்சடித்திருக்கிறது. அதை இழுத்துச் சுற்றி, ஒட்டாத முனையை மிஸ்ஸி (நர்ஸ்) உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். காற்று ஏற ஏற பர்ரென்று பிரிந்துவிடும். மறுபடி சுற்றுவார். "என் கைதான்மா இப்படி" என்று அம்மா கூனிக்குறுகுவார். வெட்கப்பட வேண்டியது அவரா ஐயா?

இப்படி எடுத்த பிரஷரின் மேல் நம்பர்கள் 158, 162, 160. உடனே மாத்திரை ஒன்று இரண்டாயிற்று, அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் மூன்று மாதம் கழித்து. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்தவருக்குக் கண் இருட்டியது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் 513 படி ஏறி முருகனைக் கும்பிட்டு வந்தவர், வீட்டுப் பாத்ரூமின் ஒற்றைப் படியில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் இருந்த பையன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? டேப்பை எடுத்து அம்மாவின் வலது மேல்கையை அளந்தான். அப்புறம் அலமாரியைத் துழாவி, இருந்ததிலேயே பெரிய பட்டையைக் கொண்டுவந்தான். படுத்திருக்கையில் 112, நிற்கவைத்ததும் 86. கூட்டிய மாத்திரையை டாக்டர் அன்றே நிறுத்திவிட்டார்.

சின்னப் பட்டை பெரிய கையில் பிரஷரைக் கூட்டிக் காட்டும் என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. மிகப்பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டால் மேல் நம்பர் சராசரியாக 20 அளவுக்கு ஏறித் தெரிகிறது என்று 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 158-இல் 20-ஐக் கழித்துப் பாருங்கள். 138. அதற்கா இரண்டாவது மாத்திரை?

நானே வாங்கித் தருகிறேன் என்று கவுண்டரில் சொன்னேன். வெளிச் சாமானை உபயோகிக்கக் கூடாதாம். சரி, உள்ளே இருந்தாவது வர வேண்டுமே!

3. மூச்சு. அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் ஏழு தடவை மூச்சு எண்ணிக்கை எழுதியிருக்கிறது, ஏழும் 20. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணிய ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. எண்ணாமல் எழுதுவதற்குக் காலியாகவே விடலாம்.

4. மறுபடியும் பட்டைதான் ஐயா. அந்த மெஷினுக்குப் பொருந்துகிற பெரிய பட்டை ஒன்று, அதைவிடப் பெரியது ஒன்று, கையை அளக்கத் தையல்காரர் டேப் ஒன்று. கட்டடம் கேட்கவில்லை, ஸ்கேன் மெஷின் கேட்கவில்லை. மிஸ்ஸிகள் மேல் எனக்குக் குறையும் இல்லை, அத்தனை கூட்டத்தை ஒரே ஆள் பார்க்கிறார், இல்லாத பட்டைக்கு அவர் எங்கே போவார்? இரண்டு பட்டைக்கு மூன்று கடிதம் எழுதவைத்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

5. வரும் 14-ஆம் தேதி அம்மா அதே கிளினிக்கிற்குப் போக வேண்டும். மாதாமாதம் தனியார் கிளினிக்கிற்குக் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை. இடது கையில் மாவுக்கட்டு இருக்கிறது, பிரஷர் பார்க்க மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். தயவுசெய்து அதற்குள் பட்டையை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மகள்