இறுகிக்கொண்ட சீட் பெல்ட்

அன்புள்ள முனியசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தொண்டியிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மண்டபத்தில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது, ரோடெல்லாம் மணல்.

காரில் டிரைவர் பக்கத்து சீட் பெல்ட் இறுகிக்கொண்டதென்று எழுதியிருந்தாய். பெல்ட்டை எடுத்துவிட்டு, எச்சரிக்கைச் சத்தம் நிற்க வெறும் கிளிப்பை மட்டும் பக்கிளில், அதாவது பெல்ட்டை மாட்டும் பூட்டில், சொருகச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதே. உயிர் விஷயம்.

கதவை ஒட்டிய தூணுக்குள் பெல்ட் சுற்றியிருக்கும் உருளை இரண்டு விதமாகப் பூட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டும். கார் திடீரென நின்றாலோ நன்றாகச் சாய்ந்தாலோ, குழிக்குள் இருக்கும் சின்னக் குண்டு உருண்டு மேலேயுள்ள நெம்புகோலைத் தூக்கும். அது பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு சக்கரம் மணலில் புதைந்து வண்டி சரிந்து நின்றால் பெல்ட் வராதது அதனால்தான். முதலில் சமதளத்தில் நிறுத்து. பெல்ட்டை ஒருமுறை பலமாக இழுத்து, கையை விடு. கொஞ்சம் உள்ளே போகும். பிறகு மெதுவாக இழு. பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும்.

வெளியே வந்தது உள்ளே போகாமல் தொங்கினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதே. தோளுக்கு மேலே பெல்ட் நுழையும் வளையத்தைப் பார். அங்கே பெல்ட் முறுக்கி மடிந்திருக்கும், இல்லாவிட்டால் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு நகத்தில் சுரண்டினால் வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வளையத்தின் உள்விளிம்பைத் துடை. பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே ஓடாதபடி வளையத்தருகே ஒரு கிளிப் போட்டு, அதே தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயவிடு. ஈரத்தோடு உள்ளே விடாதே. பிளீச்சிங், பெட்ரோல் கூடவே கூடாது, இழை நைந்துபோகும். எண்ணெயும் வேண்டாம், பக்கிளுக்குள் விட்டால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கிள் மணலுக்கு வேக்கம் கிளீனர் போதும்.

அதற்கும் சரியாகாவிட்டால் தூணின் மூடியைக் கழற்றாதே. பல வண்டிகளில் அங்கே மோதலின்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்க வெடிமருந்துக் குப்பி இருக்கும். தெரிந்தவர்கள்கூட பேட்டரி வயரைக் கழற்றி, சில நிமிஷம் பொறுத்துத்தான் தொடுவார்கள். உருளையின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் சுருள் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும், திரும்ப உட்கார வைக்க முடியாது. ஆகவே மொத்தமாக அதே மாடல் புதுசுதான் மாற்ற வேண்டும். ஓரம் பிசிறிட்டிருந்தாலும், பெரிய மோதலில் இழுபட்டிருந்தாலும் அப்படியே. பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்காதே. கடையில் புதுசைச் சாய்த்துப் பிடித்து இழுத்துவிட்டு, வரவில்லை என்று திருப்பியும் கொடுக்காதே, சாய்த்தால் அது பூட்டத்தான் செய்யும்.

முடிந்ததும் வெடுக்கென்று இழுத்துப் பார், பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதே. வளையத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்