செண்பகம் வழக்கில் நாம் பேசாமல் விடும் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்த, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, அது சண்டையில் போய் முடிந்தது. "கோர்ட்டு பிடுங்கியதை நாம் போராடி வாங்கினோம்" என்றார் ஒருவர். "மார்க் வாங்கிய பெண்ணைக் காலேஜ் வாசலிலேயே விரட்டிவிட்டார்கள்" என்றார் இன்னொருவர். நீதிமன்றத்தில் கட்டு சுமந்து, கடைசியில் சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். இருவருமே தீர்ப்பைப் படித்ததில்லை என்பது கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது.

யாரும் விரட்டவில்லை. அந்தப் பெண், சாதிவாரி ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தார், தமக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்தது, நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சென்னை அரசும் அதை ஆட்சேபிக்கவில்லை. விண்ணப்பிக்காமலே வழக்குப் போடுவதை நீதிபதிகளான தாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதி வைத்திருக்கிறார். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு கொஞ்சம் குறைந்தாலே மனுவை ரிட்டர்ன் போட்ட கை என்னுடையது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

அப்புறம் அந்தக் கம்யூனல் ஜி.ஓ., அதாவது கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த அரசாணை. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத்தில் அது செல்லாது என்றானது. ஏன்? அரசு வேலையில் பிற்பட்டோருக்கு ஒதுக்க விதிவிலக்கு தரும் அரசியல் சட்டப் பிரிவு 16(4) இருந்தது. கல்லூரிக்கு அப்படி ஒன்றை எழுதியிருக்கவில்லை. சாதி, மதத்தைக் காரணம் காட்டி அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்னும் 29(2) குறுக்கே நின்றது. நலிந்த பிரிவினரைக் காக்கச் சொல்லும் 46-வது பிரிவை அரசு காட்டியது. அது வழிகாட்டும் நெறிதானே, அடிப்படை உரிமையை மீற முடியாது என்றார்கள். இதே அமர்வு அதே நாளில், மாவட்ட முன்சீப் வேலை கேட்ட வெங்கடரமணாவின் வழக்கில், அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும் என்றது. நீதிபதிகள் இடஒதுக்கீட்டுக்கே எதிரிகள் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது தீர்ப்பைத் தொடுவதே இல்லை.

சரி, திருத்தம் வந்தது. தீர்ப்பு வந்து 70 நாளில், ஜூன் 18-ல், கல்லூரியிலும் பிற்பட்டோருக்கு ஒதுக்க வழிசெய்யும் 15(4) சேர்ந்தது. தமிழ்நாட்டின் போராட்டம்தான் அதற்குக் காரணம், அந்தப் பெருமை நமக்கு உண்டு. என் பேத்தி இன்று படிப்பதும் அந்த வரியால்தான். ஆனால் அதே திருத்தத்தின் வயிற்றில் இன்னொன்றும் இருந்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் இந்த மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அதே சென்னை அரசு தடை போட்டிருந்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். 1950 மே 26-ல் உச்ச நீதிமன்றம் தடையை உடைத்தது. தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பொது ஒழுங்கைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய 19(2)-ல் இடமில்லை. திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை அதில் செருகிவிட்டது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே வந்தது, அதை மறைக்கக் கூடாது. இத்தனையையும் செய்தது, முதல் பொதுத் தேர்தல்கூட நடக்காத காலத்துத் தற்காலிக நாடாளுமன்றம்.

இரண்டு வழக்குமே சென்னை அரசு தோற்றவை. ஒன்றை மேடைதோறும் சொல்கிறோம். இன்னொன்று பத்திரிகை நடத்தும் உங்களுக்கே நேரடியாகத் தொடர்புள்ளது. கட்டுரையிலோ அதற்கு ஒரு வரிகூட இல்லையே, ஐயா.

இரண்டு தீர்ப்பையும் ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில் வைத்தேன். இங்கிலீஷ்தான், இருந்தாலும் செண்பகம் பிரதியை அன்றைக்கே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரொமேஷ் தாப்பர் பிரதி இன்னும் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மேல் தாளில் டீ கிளாஸ் வைத்த வட்டம் மூன்று விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்