டெலிவரி ஓட்டுநர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. சந்தா நிலுவை பெரும்பாலும் வசூலாகிவிட்டது; வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சீசனுக்கு மட்டும் எடுக்கப்படும் தற்காலிக ஓட்டுநர்களையும் உறுப்பினர்களாகச் சேர்ப்பது என்று இந்த ஆண்டு முடிவெடுத்தோம். எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சங்கத்துக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை பண்டிகைக் கால லோடு பற்றியவை. சாதாரண நாளில் பார்சல்கள் ஸ்டாப் வரிசைப்படி ஷெல்ஃபில் இருக்கும். நடுவில் ஆள் நடக்க வழி இருக்கும். சீசன் வந்தால் ஷெல்ஃப் நிரம்பி, தரை நிரம்பி, நடைவழியும் கூரைவரை அடைபட்டுவிடுகிறது. கடைசி ஸ்டாப்புக்குப் போகவேண்டிய டிவி பெட்டி கதவோரம் நிற்கும். முதல் ஸ்டாப்புக்கான உள்ளங்கை அளவு கவர் அதற்குப் பின்னால் எங்கோ கிடக்கும். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, கவரைத் தேடி எடுத்துவிட்டு, இறக்கியதையெல்லாம் மறுபடி ஏற்றவேண்டும். மழை பெய்தால் கீழே இறக்கவும் வழியில்லை. பெட்டிகள்மேல் முழங்காலை ஊன்றி ஏறி, செல்போன் வெளிச்சத்தில் லேபிள் படிக்கிறோம். இந்தத் தேடலுக்கு ரூட் ஷீட்டில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. அந்த நேரம் நம் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து போகிறது, இல்லையென்றால் இரவு வீடு திரும்பும் நேரத்திலிருந்து போகிறது.

இதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னபோது, "எடை வரம்புக்குள்தானே இருக்கிறது" என்றார்கள். இந்தப் பதிலுக்குச் செயற்குழு எழுத்துமூலமாகவே மறுப்புக் கொடுத்தது. கூரியர் துறையில் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வரும் எண்ணையே கிலோவாகக் கொண்டு கட்டணம் போடுவது பரவலான வழக்கம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் 3 கிலோ தலையணை இருந்தாலும் கட்டணம் 24 கிலோவுக்கு. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும்போது இடத்துக்குக் கணக்கு உண்டு. அதே பெட்டி நம் வண்டியில் ஏறும்போது மட்டும் இடம் கணக்கில் வராது என்றால் அது நியாயமில்லை. எடைக்கு வரம்பு இருப்பதுபோல இடத்துக்கும் வரம்பு வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

எடையும் எல்லா நாளும் வரம்புக்குள் இருப்பதில்லை. வண்டித் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடை என்பது வண்டி, டீசல், ஓட்டுநர், உதவியாளர், பார்சல் எல்லாம் சேர்ந்தது. பார்சலின் எடையை மட்டும் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று அனுப்புவது தவறு. பாரம் கூடினால் பிரேக் போட்டு வண்டி நிற்கும் தூரம் நீளும். காற்று குறைந்த டயர் பாரத்தில் சூடேறி வெடிக்கும். கனமானவை பின் அச்சுக்கும் பின்னால் குவிந்தால் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. உயரத்தில் கனம் இருந்தால் வளைவில் வண்டி சாயும். ஆகவே கனமானது கீழே, அச்சுகளுக்கு இடையில் என்பதை லோடிங் செய்பவர்களிடம் உறுப்பினர்கள் தயங்காமல் சொல்லவேண்டும். டயர் சூடேறுவதற்கு முன், கிளம்பும்போதே காற்று பார்க்கவேண்டும்.

இந்த சீசனில் உறுப்பினர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்கதவைத் திறந்ததும் நிறுத்திவைத்திருந்த மரச்சாமான் பெட்டி சரிந்தது. அதைத் தாங்கப் போய்ப் படியிலிருந்து விழுந்தார். விபத்து அறிக்கையில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டது. வண்டி வாசலைத் தாண்டும் முன் அவர் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். கயிறோ பெல்ட்டோ இல்லாமல், கூரையைத் தொடும்படி அந்தப் பெட்டி நிற்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. சங்கம் அதை முன்வைத்துப் பேசிய பிறகு அந்த வாசகம் நீக்கப்பட்டது. மருத்துவச் செலவையும் நிர்வாகமே ஏற்றது. அவர் இப்போது தேறி வருகிறார். புறப்படும் முன் நேரம் தெரியும்படி ஒரு போட்டோ எடுப்பதை எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

தூக்கும் எடை பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை மேல் எல்லையாகச் சொல்கிறது. அதன் பிறகு வந்த கணக்குகள் இன்னும் கடுமையானவை. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு, கையால் தூக்கும் எடைக்காக 1991இல் திருத்திய சூத்திரம் 23 கிலோவில்தான் தொடங்குகிறது. அதுவும் பெட்டி உடம்பை ஒட்டி, வசதியான உயரத்தில், இடுப்பைத் திருப்பாமல் தூக்கினால்தான். கை எவ்வளவு எட்டுகிறதோ, உடம்பு எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவுக்கு அந்த அளவு குறையும். அடைத்த வண்டிக்குள் குனிந்து, எட்டி, திரும்பித்தான் எதையும் எடுக்க முடிகிறது. நடைவழியைக் காலியாக விடச் சொல்வது முதுகைக் காப்பாற்றவும்தான்.

பேச்சுவார்த்தையில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன். ஏற்ற முடியாத மிச்சத்தை மதியத்துக்கு மேல் இன்னொரு வண்டியில் கொண்டுவந்து வழியில் ஒப்படைக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பெரிய பெட்டிகள் அதிகம் இறங்கும் கடைகளை ரூட்டின் முதலில் வைக்கவும் ஒப்புக்கொண்டார்கள். இந்த இரண்டும் நல்ல பலன் தந்தன. உதவியாளர் தருவதாகச் சொல்லி ஆளும் அனுப்பினார்கள். ஆனால் இரண்டாவது சீட்டோ சீட் பெல்ட்டோ இல்லாத வண்டியில் அவரைப் பார்சல்களுக்கு நடுவே உட்காரச் சொன்னார்கள். அப்படி யாரையும் ஏற்றவேண்டாம் என்று சங்கம் அன்றே சொல்லிவிட்டது. அந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை.

வேலை நேரத்திலும் முன்னேற்றம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தம், இடைவேளையில்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, தினமும் தொடர்ச்சியாகக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. சீசனில் நம்மில் பலருக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை.

தற்காலிக ஓட்டுநர்களைச் சேர்த்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நிரந்தர ஓட்டுநர் "இது தாங்காது, பிரித்துக் கொடுங்கள்" என்று சொன்னால், அந்த மிச்சம் தற்காலிக ஓட்டுநரின் வண்டியில் ஏற்றப்படுகிறது. சீசன் முடிந்ததும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாய் திறப்பதில்லை. அவர் சார்பில் பேச சங்கம் இல்லாவிட்டால் நாம் மறுக்கும் பாரமெல்லாம் அவர் தலையில்தான் விழும்.

அடுத்த சீசனுக்குமுன் நிர்வாகத்திடம் வைக்கச் செயற்குழு முன்மொழியும் கோரிக்கைகள்: நடைவழி அடைபட்ட வண்டி வாசலைத் தாண்டக்கூடாது, லோடைப் பிரிக்கக் கேட்கும் ஓட்டுநர்மேல் நடவடிக்கை கூடாது, தேடும் நேரமும் மறுபடி ஏற்றும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்படவேண்டும். இவற்றின்மேல் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லி, திருத்தங்கள் இருந்தால் சேர்த்து, இந்த அறிக்கையையும் ஏற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்