கூரையில் ஒன்பது தகடுகள்: கொடுத்தவர்களுக்கும் கணக்குக் கேட்டவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள முன்னாள் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் அமைப்பு ஓடத் தொடங்கி ஓராண்டு நிறைந்துவிட்டது. தகடு பொருத்திய அன்றே நன்றி சொல்லியிருக்கலாம். அது மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்திருக்கும். வெயில், மழை, விடுமுறை எல்லாம் பார்த்த பிறகு கணக்கோடு எழுதுவதே முறை என்று நிர்வாகக் குழு நினைத்தது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

முதலில் பணம் தந்தவர்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அனுப்பியதுதான் பெரும் பங்கு. மீதி, கமுதிக் கடைவீதியிலும் பக்கத்துக் கிராமங்களிலும் திரட்டியது. கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் என்ற கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் ஆயிற்று. 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டே, அதை ஏன் வாங்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அது வீடுகளுக்கு மட்டுமானது. பள்ளிக்குக் கிடையாது. ஆகவே மூன்று லட்சமும் உங்கள் பணம்தான்.

அடுத்த நன்றி, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்ட ஒரு தகப்பனாருக்கு. விவசாயி. "ஐயா, வெயில் அடிக்கிற மே மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. அப்போது உண்டாகிற மின்சாரம் யாருக்கு?" என்றார். விலைப்புள்ளி கொடுக்க வந்திருந்த ஒருவர் அதுவரை "இனி உங்களுக்குக் கரண்ட் பில்லே வராது" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு மாறியது. நாம் பயன்படுத்தாத மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். ஆனால் நாம் வாங்கும் விலைக்கு அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. குறைந்த விலைக்கே வரவு வைப்பார்கள். வகுப்பு நடக்கும் பகல் நேரத்தில் எவ்வளவு செலவாகிறதோ அந்த அளவுக்கு அமைப்பதே லாபம், அதற்கு மேல் போவது ஆடம்பரம் என்று அன்றுதான் எல்லோருக்கும் விளங்கியது.

அந்தப் பகல் செலவையே குறைத்துக் காட்டியவர் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர். வகுப்பு வகுப்பாகப் போய் மின்விசிறிகளை எண்ணினார். நாற்பது. ஒவ்வொன்றும் 75 வாட், ஆக மூன்று கிலோவாட். "தகடு வாங்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள்" என்றார். புது வகை விசிறிக்கு முப்பது வாட் கூட வேண்டாம். பத்து கிலோவாட் போடலாம் என்றிருந்த திட்டம் ஐந்துக்கு இறங்கியது அவரால்தான். விசிறிகளுக்குத் தனியாகச் செலவானது உண்மை. ஆனாலும் மிச்சம் பெரிது. ஒரு ரூபாய் கூலி வாங்காமல் செய்தார்.

தகடு நிறுத்திய கொத்தனாருக்கும் கடன்பட்டிருக்கிறோம். தட்டோட்டைத் துளைத்து ஆணி இறக்கினால் இரண்டு மழையில் வகுப்பறை ஒழுகும் என்று சொல்லி, மேலேயே கான்கிரீட் கட்டைகள் போட்டு அவற்றின் மீது சட்டத்தை நிறுத்தினார். ஒன்பது தகடுகளும் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கின்றன. வேப்பமரத்தின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அதோடு இணைந்த மற்றவையும் இளைத்துப் போகும் என்பதால், மரத்தை விட்டுத் தள்ளி வடக்குக் கட்டடத்துக்கு இடம் மாற்றினோம். மரத்தை வெட்டச் சொன்னவர்களுக்கு நன்றி கிடையாது.

பக்கத்தில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அங்கே தகடுகளைத் துடைக்க ரோபோக்கள் இருக்கின்றன. இங்கே நம் அலுவலக உதவியாளர் இருக்கிறார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்துவிடும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். தகட்டின் கீழ் விளிம்பில், சட்டத்தை ஒட்டி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அன்று முதல் தொட்டியில் சேரும் மழைநீரைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார், அதுவும் தகடு சூடேறும் முன்பு, காலையில்.

மின்வெட்டின்போது "இத்தனை தகடு இருந்தும் விசிறி நின்றுவிடுகிறதே" என்று குறைப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு மின்வாரியத்தில் கம்பியாளராக இருக்கும் ஒரு பெற்றோரே பதில் சொன்னார். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி அவர் கம்பத்தில் ஏறுவார். நம் கூரையிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் உயிர் போகும். அதனால் மின்வெட்டு வந்ததும், தகட்டு மின்சாரத்தை விசிறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவியான நம் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால் ஓடும்தான். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் தினமும் மாலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். தெளிந்த மார்ச் நாளில் 22 யூனிட். நவம்பர் அடைமழையில் 6. மே மாதம் வெயில் கொளுத்தியபோது மார்ச்சைவிடக் குறைந்தது கண்டு கேள்வி வந்தது. தகடு சூடேற ஏற அதன் திறன் இறங்கும் என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை இருக்க முடியாது. செலவுக் கணக்கில் இதற்கு இடமில்லை என்றாலும் எனக்கு இதுதான் பெரிய வரவு.

ரூபாய்க் கணக்கு இதுதான்: ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு; இன்வெர்ட்டர் அத்தனை காலம் தாங்காது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் விடாப்பிடியாக நின்றதால், மாதம் 400 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். அடுத்த இன்வெர்ட்டர் வாங்கும்போது மறுபடியும் உங்கள் முன் கையேந்தாமல் இருக்கத்தான். அவருடைய பிடிவாதத்துக்கு என் தனிப்பட்ட நன்றி.

இன்னும் தகடு வாங்கித் தருகிறோம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஆய்வகத்திலும் நூலகத்திலும் பழைய விசிறிகளே ஓடுகின்றன. தர விரும்புவோர் அவற்றை மாற்றித் தந்தால் போதும். ரசீதும் வரவு செலவு விவரமும் அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம்.

நன்றியுடன்,
பள்ளிச் செயலர்