கையெழுத்துப் போட்டுவிட்டேன், வகுப்பைக் காலையில் வையுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மாவுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 35-க்குக் கீழே வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரைப் போன புதன்கிழமை கூப்பிட்டிருந்தீர்கள். ‘வீட்டில் கவனிப்பு இல்லை’ என்ற தாளில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். எனக்கு அரை ஷிப்ட் சம்பளம் போனது. அது இருக்கட்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடு எங்களுடையது. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால், அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகிவிடும். உங்களிடம் படிக்கிற என் மகளின் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் நைட். மாலை நாலேகாலுக்கு நீங்கள் சிறப்பு வகுப்பு வைக்கிறீர்கள். அதே நேரத்தில் மூன்றாம் வகுப்புத் தம்பி அவன் பள்ளி கேட்டில் அக்காவுக்காக நிற்கிறான். அவள் எங்கே போவாள்? அவனைக் கூட்டி வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிவிட்டு நோட்டை எடுக்கும்போது நான் வந்துவிடுவேன். ஒரே அறை. நான் படுத்தால் லைட்டை அணைத்துவிடுகிறாள், நான் சொல்லாமலே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலையில் அவளுக்கு வேலை கிடையாது. தம்பிக்குப் பள்ளியிலேயே காலை உணவு, எட்டேகாலுக்கே விட்டுவிடுகிறாள். அதனால்தான் கேட்கிறேன், சிறப்பு வகுப்பைக் காலை எட்டரைக்கு வையுங்கள்.

அப்புறம், அந்த வகுப்பில் வரைபடமும் வடிவியலும் போட்டால் 16 மார்க் என்று அதையே திரும்பத் திரும்பப் போட வைக்கிறீர்கள். பாஸாக உதவும், மறுக்கவில்லை. ஆனால் இவள் நாலாம் வகுப்பில் இருந்தபோது கொரோனாவுக்கு மூடிய பள்ளி, ஆறாம் வகுப்பில் 2021 நவம்பரில்தான் திறந்தது. வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவோடு போய்விடும். பின்னம் அவளுக்கு யாரும் நடத்தவே இல்லை. இன்றைக்கு இயற்கணிதத்தில் பின்னம் வந்தால் பேனாவை வைத்துவிடுகிறாள். அதே பெண்தான் சனிக்கிழமை என் சம்பளக் கவரைப் பிரித்து, நாலு ஒன்றரை ஷிப்ட், ஆறு ஷிப்ட் என்று மனக்கணக்காகக் கூட்டி, எவ்வளவு குறைகிறது என்று சொல்கிறாள். ஒன்றரையும் பின்னம்தானே சார்? ‘பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு அவ்வளவுதான்’ என்று அன்று சிரித்தவருக்கு இதைச் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

போன வருடம் சென்டம் எடுத்த பிள்ளைகளுக்கு பிளெக்ஸ் வைத்தீர்கள். பள்ளி பெயர் இருந்தது, ஆசிரியர்கள் பெயர் இருந்தது. எந்த அம்மாவின் பெயரும் இல்லை. பெயிலுக்கு மட்டும் எங்கள் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அந்தத் தாளையும் பெரிதாக அடித்து கேட்டில் கட்டிவிடலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பொதுத்தேர்வு நெருங்குகிறது. சிறப்பு வகுப்பைத் தயவுசெய்து காலையில் வையுங்கள். வாரம் இரண்டு நாளாவது பின்னத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் எட்டரைக்கு அனுப்புகிறேன் என்று இன்னொரு தாள் கொடுத்தால் அதிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா