ஆயில் பம்ப்பின் குறையால் காரின் இன்ஜின் பழுதானது – வாரண்டி மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் உதிரி பாக விற்பனை நிறுவனம்.

நாள்: 14.07.2025

பொருள்: 08.03.2025 அன்று உங்களிடம் வாங்கிய ஆயில் பம்ப் குறித்து.

ஐயா,

வணக்கம். ஜூலை 9 அன்று நீங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சல் கிடைத்தது. மூன்று வரி. 'அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பில் பொருத்தப்படவில்லை, அதிவேக இன்ஜினில் பயன்படுத்தப்பட்டுள்ளது, எனவே வாரண்டி பொருந்தாது' என்று முடித்துவிட்டீர்கள். பம்ப்பைப் பற்றி அந்த மூன்று வரியில் ஒரு சொல்கூட இல்லை. நான் அனுப்பிய படங்களையும் வீடியோவையும் யாராவது திறந்து பார்த்தார்களா என்பதே சந்தேகமாக இருக்கிறது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 106 குதிரைத் திறன். கம்பெனியே கொடுத்த திறன் அது, நான் ஏற்றியது இல்லை. நான் செய்த ஒரே மாற்றம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினின் புகை வெளியேறும் குழாய். அதற்கும் இன்ஜினுக்குள் ஆயிலைச் செலுத்தும் பம்ப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. கார் இரண்டு நாள் அதில் நின்றது. வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்ததால் பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. அது முழுக்க என் தப்பு, யாரிடமும் நான் பணம் கேட்கவில்லை. தகர ஷெட்டில் செயின் பிளாக் மாட்டி இன்ஜினை இறக்கி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கிராங்க் கிரைண்டிங்கும் ஹெட் வேலையும் மட்டும் வெளியே லேத்தில் கொடுத்தேன்.

வீட்டில் செய்த வேலை என்றதும் உங்கள் அலுவலகத்தில் போன் எடுத்தவர் சிரித்தார். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 19 வருடமாக இருக்கிறேன். பம்ப்பைக் கழற்றி மாட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினேன். பேரிங் இடைவெளி நான்கு ராடுக்கும் அளந்து எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றைத்தான் நான் திறந்து பார்க்கவில்லை: உங்கள் பம்ப். ஏன் என்று கேளுங்கள். அதன் ரிலீஃப் வால்வு மூடியின் மேலும் பின்பக்கத் தகட்டின் மேலும் நீங்களே ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. 'பிரித்தால் வாரண்டி இல்லை.' சரி, கம்பெனி சீல் என்று நம்பி, உள்ளே ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டினேன். இப்போது உங்கள் சேவைப் பிரிவு 'பொருத்துவதற்கு முன் சோதித்திருக்க வேண்டும்' என்று போனில் சொல்கிறது. பிரித்தால் வாரண்டி போச்சு, பிரிக்காவிட்டாலும் போச்சு. இதில் வாரண்டி எந்த வாடிக்கையாளருக்காக இருக்கிறது?

ஏப்ரலில் இன்ஜின் ஓடியது. டாஷ்போர்டில் செப்புக் குழாய் இழுத்து மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் வைத்திருந்தேன், தினமும் குறித்தேன். இந்த இன்ஜின் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 0.7 கிலோ, 3000 ஆர்பிஎம்மில் 3.5 கிலோ பிரஷர் இருக்க வேண்டும். என் நோட்டில் இருப்பது 1.5, 4.2. ஐம்பது கிலோமீட்டரில் ஒரு முறை, முந்நூறில் ஒரு முறை ஆயில் மாற்றினேன். இரண்டு தடவையும் பழைய ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்து வெயிலில் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் மினுமினுப்பு தெரியும். ஒன்றும் இல்லை. புதுப் பாகங்கள் பழகும் ரன்னிங் இன் காலம் முடியும் வரை 3500 ஆர்பிஎம் தாண்டக்கூடாது என்று வைத்திருந்ததால் அதிக ஆர்பிஎம்மில் மட்டும் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் விடெக் வேலை செய்யும் பக்கமே நான் போகவில்லை. அதிவேக இன்ஜின் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. சின்ன வயதில் அப்பா என்னைச் சோழவரம் ரேஸுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஆசையில் வாங்கிய காரை மாட்டு வண்டி போல ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு காலை. இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து 384 கிலோமீட்டர். திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது கேஜ் முள் நாலிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது, அங்கிருந்து அரைக்கு. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. இறக்கத்துக்கு வந்து ஓரம் கட்டுவதற்குள் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தது, அப்புறம் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இரண்டாம் சிலிண்டரின் ராட் பேரிங் சுழன்று, கிராங்க்கில் நகம் பதியும் அளவுக்குக் கோடு. ஆயில் லெவல் சரியாக இருந்தது. பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரில் அடைப்பு இல்லை.

மறுநாளே உங்களுக்கு எழுதினேன். பம்ப்பைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், ஆள் அனுப்புங்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு நாள் காத்திருந்தேன், யாரும் வரவில்லை. அதன் பிறகுதான், ஜூன் 28 அன்று, காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் கிழியாமல் இருப்பதை முதலில் காட்டி, வீடியோ எடுத்தபடியே திறந்தேன்.

ரிலீஃப் வால்வின் வேலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஷர் எல்லை தாண்டினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிட வேண்டும், இறங்கினால் ஸ்பிரிங் அதை மூட வேண்டும். மூடியைக் கழற்றியதும் ஸ்பிரிங் வெளியே வந்தது, துளைக்குள் நகர்ந்து திறந்து மூடும் பிளஞ்சர் வரவில்லை. பாதி திறந்த நிலையில் துளைக்குள் சிக்கி நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் தள்ளித்தான் எடுத்தோம். தேங்காய்த் துருவலின் ஒரு இழை போல, அலுமினியப் பிசிறு ஒன்று பிளஞ்சரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துளையின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால், அதே நீளத்துக்குப் பிசிறு பெயர்ந்த தடம். அதன் பக்கத்திலேயே இன்னும் பெயராத பிசிறு, நகத்தால் தடவினால் மாட்டுகிறது. துளை போட்ட பிறகு யாரும் விளிம்பைத் தேய்த்து எடுக்கவில்லை. அண்ணன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத படகுல மாட்டியிருந்தா நடுக்கடல்ல நின்னிருப்போம்" என்றார்.

வெளியிலிருந்து வந்த தூசு என்று நீங்கள் சொல்லக்கூடும். தூசு வந்திருந்தால் பம்ப்பின் ரோட்டரில் கீறல் இருக்க வேண்டும். ரோட்டர் கண்ணாடி போல இருக்கிறது. பம்ப், பிசிறு, பேரிங் மூன்றும் என்னிடம் தனித்தனிக் கவரில் பத்திரமாக உள்ளன. நீங்கள் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னாலும், என் முன்னிலையில் சீல் வைத்து அனுப்பத் தயார்.

என் செலவுக் கணக்கு இது: மறுபடி கிராங்க் கிரைண்டிங் 4,500, பேரிங் செட் 5,200, ஒரு கனெக்டிங் ராட் 3,800, கேஸ்கட் செட் 4,900, ஆயில் ஃபில்டர் கூலன்ட் எல்லாம் சேர்த்து 3,650, காரைக் கட்டி இழுத்து வந்தது 2,500. உங்கள் பம்ப் 6,850. மொத்தம் 31,400 ரூபாய். ரசீதுகளின் நகல் இணைத்துள்ளேன். என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் விலை போடவில்லை.

இந்தத் தொகையை 15 நாளுக்குள் தர வேண்டும். என் பம்ப்போடு ஒரே லாட்டில் வந்தவை உங்கள் கிடங்கில் இருந்தால், அடுத்தவருக்கு விற்பதற்கு முன் நான்கையாவது திறந்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். இது பணத்தைவிட அவசரம். யாராவது குடும்பத்தோடு அதே மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. எனக்கு அலைச்சல் இல்லை, பஸ் ஏறினால் போதும்.

ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். இன்ஜின் ஷெட்டில் பிரித்தபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை.

இணைப்பு: பம்ப் ரசீது, செலவு ரசீதுகள், பிரஷர் குறித்த நோட்டின் நகல், ஜூன் 28 வீடியோ, படங்கள்.