கேப்ரிகா: பத்தாவது பகுதியில் சூடுபிடித்த தொடர்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் முன்கதைத் தொடரான ‘கேப்ரிகா’வைப் பார்த்து முடித்த சூட்டோடு எழுதியிருக்கிறாய் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. நல்ல தொடரை சைஃபை சேனல்காரன் கொன்றுவிட்டான் என்கிறாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை எழுதியவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சேனல் செய்ததை முதலில் பார்த்துவிடுவோம். ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ 2009 மார்ச் 20 அன்று முடிந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 21 அன்று, கேப்ரிகாவின் பைலட்டை, அதாவது தொடக்கப் பகுதியை, டிவிடியில் இறக்கினார்கள். பந்தியில் உட்கார வைத்து உப்பும் ஊறுகாயும் மட்டும் பரிமாறிவிட்டுப் போன கதைதான் அப்புறம். வாராந்திர ஒளிபரப்பு தொடங்கியது 2010 ஜனவரி 22 அன்று. இடையில் ஒன்பது மாதம். வெள்ளிக்கிழமை இரவுகளில் மார்ச் 26 வரை ஒன்பது பகுதிகள் ஓடின. மறுபடி நிறுத்தம். மிச்சம் 2011 ஜனவரியில் என்று சொல்லியிருந்தவர்கள், திடீரென்று அக்டோபர் 5, செவ்வாய்க்கிழமைக்கு இழுத்து வைத்தார்கள். நாள் மாறியது, கிழமை மாறியது, போதிய விளம்பரமும் இல்லை. தொடக்கத்தில் 16 லட்சம் பேர் பார்த்த தொடரை அக்டோபரில் 10 லட்சம் பேர்கூடப் பார்க்கவில்லை. நான்கு வாரம் ஓடியதும் அக்டோபர் 27 அன்று ரத்து. கடைசி ஐந்து பகுதிகளை அட்டவணையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். கனடாவில் ஸ்பேஸ் சேனல் தன் பாட்டுக்குக் காட்டி முடித்தது. அமெரிக்காவில் டிசம்பர் 21 அன்று டிவிடி வந்தது. பிறகு 2011 ஜனவரி 4 அன்று ஐந்தையும் ஒரே இரவில் ஓட்டிக் கணக்கை முடித்தார்கள். ரத்து அறிவிப்புக்குச் சில நாள் முன்னால்தான் இன்னொரு முன்கதைக்கு, விண்கலமும் போருமாக இருக்கும் ‘பிளட் அண்ட் குரோம்’ பைலட்டுக்கு, அதே சேனல் பச்சைக்கொடி காட்டியிருந்தது. உள்ளே என்ன முடிவாகியிருந்தது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இத்தனையும் உண்மை. ஆனால் தொடர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கோளாறு இருந்தது. உண்மையான கதை பத்தாவது பகுதியில்தான் தொடங்குகிறது. (பைலட்டை ஒன்று என்று வைத்து எண்ணுகிறேன், மொத்தம் 18.)

முன்கதை எழுதுபவனுக்கு முடிவைக் கொண்டு வியாபாரம் செய்ய வழியில்லை. மனிதர்கள் செய்த இயந்திரங்களான சைலான்கள் எழும்பும், பன்னிரண்டு உலகங்களும் எரியும் என்பது பார்க்க உட்காரும் எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருக்கும் சரக்கு ‘ஏன்’ என்பது மட்டும். கேலக்டிகா விட்டுவைத்த பெரிய ‘ஏன்’ எது? மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிட, அவர்கள் செய்த இயந்திரங்கள் ஒரே கடவுளை நம்புகின்றனவே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது. கேப்ரிகா அதற்கு வைத்த பதில் பிரமாதமானது. ஒரே கடவுளை நம்பிய, ஸோயி என்ற கோபக்காரப் பள்ளி மாணவியின் மென்பொருள் நகல்தான் முதல் சைலானின் மூளை. பைலட்டிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். உடைத்தபின் எட்டுப் பகுதிகளுக்கு அந்தப் பெண்ணை ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி வைத்தார்கள்! தோழி லேசியைக் கூப்பிட்டு, என்னை ஜெமினான் கோளுக்குக் கடத்திக்கொண்டு போ என்கிறாள். லேசி ஆள் தேடுகிறாள், வண்டி தேடுகிறாள். ஒன்பதாவது பகுதியில்தான் இயந்திரம் வேனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது.

ஸோயி தன் நகலை எப்படிச் செய்தாள் என்று பைலட்டில் வரும் வசனத்தை நீ குறிப்பிடவே இல்லை. அதை விட்டுவிடாதே. மனித மூளையில் இருக்கும் தகவல் மொத்தம் ஏறக்குறைய 300 மெகாபைட்தான் என்கிறாள் அந்த நகல் ஸோயி. அதாவது ஒரு சிடியில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கு தப்பு, யார் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் அடுத்துச் சொல்வது 2009-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் சொல்லக்கூடியதைவிடக் கூர்மையானது. சேமிப்பது பிரச்சினையே இல்லை, எடுப்பதுதான் பிரச்சினை என்கிறாள். ஒருத்தி வாழ்ந்து போகும்போது விட்டுச்செல்லும் மருத்துவ ஸ்கேன், பள்ளிக்கூடப் பதிவு, மின்னஞ்சல், கடை ரசீது, போக்குவரத்து அபராதம், போன் பதிவு, கேட்ட பாட்டு, வாங்கிய சினிமா டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து, அதிலிருந்து ஆளை மறுபடி கட்டுவது. செத்தவர்களின் குறுஞ்செய்திகளை வைத்து அவர்களைப் போலப் பேசும் மென்பொருளை இன்று காசுக்கு விற்கிறார்கள். எண்ணைத் தப்பாகப் போட்டவர்கள் முறையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

அந்த நகலை ஸோயியின் அப்பா டேனியல் கிரேஸ்டோன் எங்கே ஏற்றுகிறான், அதில் என்ன கெடுகிறது என்பதுதான் முதல் பாதியின் இயந்திர விவரம். அவனுடைய யு-87 ரோபோ உடம்பு தயார், மூளைச் சில்லு இல்லை. டாரான் கோளில் போட்டித் தொழிலதிபர் வெர்கிஸ் செய்த எம்சிபி என்ற மூளைச் சில்லை மாஃபியா ஆள் சாம் அடாமா மூலம் திருடுகிறான். திருட்டில் இரண்டு உயிர் போகிறது. ஸோயியின் நகலைச் சில்லில் ஏற்றும்போது உடம்பு சரிந்து விழுகிறது. எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவள் உள்ளேயே விழித்திருக்கிறாள். ராணுவ ஒப்பந்தத்துக்கு ஆயிரக்கணக்கில் இயந்திரம் தர வேண்டும். சில்லை நகலெடுத்து வேறு உடம்பில் போட்டால் எதுவும் ஓடுவதில்லை. சில்லில்தான் ஏதோ மாயம் இருக்கிறது என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓடுவது சில்லால் இல்லை, உள்ளே இருப்பவளால் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முதல் பாதியின் விறுவிறுப்பு முழுவதும் இந்த ஒரு இடைவெளியில்தான் தொங்குகிறது. எட்டுப் பகுதிக்கு அது தாங்காது, நான்குக்குத் தாங்கியிருக்கும்.

ஐந்தாவது பகுதியின் நிர்வாகக் குழுக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார். மெய்நிகர் உலகத்துக்குள் நுழையும் கருவியான ஹோலோபேண்டின் லாபத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று டேனியல் தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டு வந்திருக்கிறான். குழு அவனை வெளியேற்றத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. இயந்திரத்தை உள்ளே வரச் சொல்கிறான். உன் கையைப் பிடுங்கு என்கிறான். அது பிடுங்குகிறது. களைக்காது, சம்பளம் கேட்காது, உரிமை கேட்காது என்று அடிமை வியாபாரத்தை அழகாக விரிக்கிறான். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பார்ப்பது உலோகத்தை. நம் கண்ணில் ஸோயியாக நடிக்கும் அலெசாண்ட்ரா டொரஸானி நிற்கிறாள். ஒரு ஷாட்டில் ரோபோ, அடுத்த ஷாட்டில் பெண், இரண்டுக்கும் ஒரே நிற்கும் நிலை, ஒரே தலைச் சாய்வு. கிராஃபிக்ஸ் செலவைக் குறைத்த தந்திரமாகவும் இது இருந்திருக்கும் என்பது என் அனுமானம். ஆனால் வேறு எந்த வசனமும் செய்யாத வேலையை இது செய்தது. எட்டாவது பகுதியில், உள்ளே மகள்தான் இருக்கிறாளா என்று பார்க்க, துப்பாக்கியைக் கொடுத்து வீட்டு நாயைச் சுடச் சொல்கிறானே, அங்கும் இதே உத்தி. தோட்டா பொய் என்று அவள் கண்டுபிடித்துவிட்டுச் சுடுகிறாள். அப்பனைத் தோற்கடித்துவிட்டாள், அதே நொடியில் தான் வெறும் இயந்திரம்தான் என்றும் நிரூபித்துவிட்டாள்.

இப்போது பத்தாவது பகுதிக்கு வா. கம்பெனி வெர்கிஸ் கைக்குப் போய்விட்டது. டேனியல் ஹலாதா மாஃபியாவிடம் போய், செத்த சொந்தக்காரர்களை மென்பொருளாகத் திருப்பித் தருகிறேன், முதல் போடுங்கள் என்கிறான். அதே பகுதியில் ஒரே கடவுள் கூட்டத்தைச் சேர்ந்த கிளாரிஸ் ஜெமினானுக்குப் போய், மதத் தலைமையிடம் அதே மென்பொருளை வேறு பெயரில் விற்கிறாள்: நம் காரியத்துக்காக உயிரைக் கொடுப்பவர்களுக்குச் செத்தபின் போகக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சொர்க்கம். ஒருவனுக்கு அது சரக்கு, இன்னொருத்திக்கு மோட்சம். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் போட்டி, பின்னால் ஒருவரிடம் துக்கம், இன்னொருவரிடம் வெறி. தொடர் முழுவதையும் இதன்மேல் கட்டியிருக்கலாம். இதை 2010 ஜனவரியில் மூன்றாவது பகுதியில் வைத்திருந்தால் மார்ச்சில் ஆள் விட்டுப் போயிருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு, கிழமை மாற்றி, பார்த்தவர்கள் கலைந்தபின் வைத்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? பிறப்பிலேயே ஒட்டுப்போட்ட தொடர் இது. ரெமி ஆபுச்சன் தனியாகக் கொண்டுவந்த செயற்கை அறிவுக் கதையை ரொனால்ட் டி. மூர், டேவிட் ஐக் இருவர் கையிலிருந்த கேலக்டிகா உலகத்தோடு சேர்த்தார்கள். கிரேஸ்டோன் குடும்பத்துக்கு இயந்திரம், அடாமா குடும்பத்துக்கு மாஃபியா, கிளாரிஸுக்கு மதம், பையன்களுக்கு நியூ கேப் சிட்டி என்ற மெய்நிகர் விளையாட்டு. பைலட்டில் ரயில் குண்டுவெடிப்பு எல்லோரையும் ஒரு முடிச்சில் கட்டியது. பிறகு ஆளுக்கொரு திசை. ஒளிபரப்பு தொடங்கும் முன்பே தொடரை நடத்தும் பொறுப்பு ஜேன் எஸ்பென்சனிடமிருந்து கெவின் மர்ஃபிக்குப் போனது. இரண்டாம் பாதி வேகமாக ஓடுவது அதனால்தான் என்று சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சாமின் அண்ணன் ஜோசப் அடாமா, குண்டுவெடிப்பில் செத்த மகள் தமாராவின் நகலைத் தேடி நியூ கேப் சிட்டிக்குள் அலையும் பகுதிகள் உனக்குப் பிடித்திருக்கின்றன. எனக்கு இழுவை. அந்த விளையாட்டின் விதி நல்ல விதி: உள்ளே செத்தால் திரும்ப நுழைய முடியாது, எதற்காக விளையாடுகிறோம் என்பதும் யாருக்கும் தெரியாது. தமாரா மட்டும் சாக மாட்டாள், ஏனென்றால் திரும்பிப் போக அவளுக்கு உடம்பில்லை. இதை ஒரே பகுதியில் சொல்லியாகிவிட்டது. அப்பா அலைவது அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

ஜோசப்பின் மகன் வில்லியைக் கொன்றது ஏமாற்று வேலை என்று எழுதியிருந்தாயே, அங்கே உன்னோடு சண்டை. கணக்கைப் பார். கதை நடப்பது பன்னிரண்டு உலகங்களும் எரிந்த அழிவுக்கு 58 ஆண்டு முன்பு. முதல் சைலான் போர் முடிந்தது அழிவுக்கு 40 ஆண்டு முன்பு. வில்லிக்குப் பதினொரு வயது. போர் முடியும்போது அவனுக்கு 29 ஆகியிருக்கும். ஆனால் கேலக்டிகா காட்டிய தளபதி பில் அடாமா (வில்லிதான் வளர்ந்து அவனாவான் என்று நினைத்தோம்), போரின் கடைசி நாளில் புத்தம்புது விமானியாகக் கிளம்பிய பொடியன். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வழியே இல்லை. பதினேழாவது பகுதியில் வில்லி சாகிறான், பிறகு ஜோசப்புக்கும் இரண்டாம் மனைவி எவலினுக்கும் பிறக்கும் பையனுக்கு அண்ணன் பெயரை வைக்கிறார்கள். வயதை எழுதி வைத்துப் பார்த்தவர்களுக்கு விடை முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. போர் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் என்பதால், கேப்ரிகா தொடங்கிப் போர் வெடிக்க ஏறக்குறைய ஆறே ஆண்டுதான். கடைசிப் பகுதியின் இறுதியில் வரும் சில நிமிடத் தொகுப்பு, வேலைக்காரச் சைலான்கள், அவற்றுக்குக் கிளாரிஸ் செய்யும் பிரசங்கம், தொட்டியிலிருந்து புது உடம்போடு எழும் ஸோயி, அந்த ஆறு ஆண்டைச் சுருக்கியதுதான். இரண்டு பருவத்துக்கான சரக்கை அங்கே கொட்டிவிட்டார்கள்.

மறுபடி பார்ப்பதானால் 18-ஐயும் பார்க்காதே. 1, 2, 5, 8, 9, 10, பிறகு 14 முதல் 18 வரை. பதினொரு பகுதி, எட்டரை மணி நேரம் போல ஆகும். நடுவில் போவது பெரும்பாலும் நியூ கேப் சிட்டிதான். 12-ஐ மட்டும் வெர்கிஸ் கணக்கு தீர்வதற்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உன் பையனுக்கு எதை முதலில் காட்டுவது என்று கேட்டிருந்தாய். காலவரிசை என்று சொல்லி இதை முதலில் போட்டுவிடாதே. கேலக்டிகாவின் 2003 குறுந்தொடரிலிருந்து தொடங்கு. சைலான் என்ற சொல்லுக்குப் பயப்படத் தெரிந்தவனுக்குத்தான் ஸோயி அந்த உடம்புக்குள் விழிக்கும்போது வயிற்றைப் பிசையும். பைலட்டின் முதல் சில நிமிடத்திலேயே வி-கிளப் என்ற மெய்நிகர் கேளிக்கை விடுதியில் நரபலியும் மற்றதும் வருகிறது; ஒன்பதாம் வகுப்புப் பையனோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க உனக்கே சங்கடமாக இருக்கும். அவனுக்கு விண்கலச் சண்டைதான் வேண்டும் என்றால் ‘பிளட் அண்ட் குரோம்’ போதும். அது தொடராகவே வரவில்லை. 2012 நவம்பரில் துண்டு துண்டாக இணையத்தில் விட்டு, 2013 பிப்ரவரியில் ஒரே படமாகச் சேனலில் போட்டார்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

சாம் அடாமாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சேகர்